கரண்ட் போன நேரத்துக் காற்று

அந்தமானுக்கு வந்து இறங்கும் மெயின்லேண்ட்காரர்கள் முதலில் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கையிலிருக்கும் பையைக் கீழே வைத்துவிட்டு, மூக்கு விடைக்க மூச்சை இழுத்து, "ஆஹா, என்ன சுத்தமான காத்து" என்பார்கள். அது மங்கையர்க்கரசியின் காதில் விழுந்தால் போதும், உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வரும். ஃபெர்ரி வந்து நிற்கும் சாத்தம் ஜெட்டியில் முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் ஒரு நாள், "அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டே விட்டாள். அவர் இவள் ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்து, "வேணாம்மா" என்று சொல்லி நகர்ந்துபோனார்.

கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது. அந்தக் காற்றை அளப்பதுதான் அவள் வேலை. ஆறு வருஷமாக, செவ்வாயும் வெள்ளியும், மழையென்றும் புயல் எச்சரிக்கையென்றும் பார்க்காமல் அளந்திருக்கிறாள். அந்த ஆறு வருஷத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போவது.

அவள் அப்பா சொக்கலிங்கம் பரமக்குடிப் பக்கத்திலிருந்து பொதுப்பணித் துறையில் மஸ்தூராக, அதாவது கூலியாளாக, வந்தவர். சாத்தத்துக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெண்ணை வேதியியல் படிக்கவைத்தார். படித்த பெண் அதன்பிறகு எம்ப்ளாய்மென்ட் கார்டைப் புதுப்பிப்பதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தாள். முப்பத்தேழாம் வயதில், இனி இல்லை என்று எல்லோரும் கைகழுவிய பிறகு, வண்டூர் ரோட்டிலிருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் சுற்றுச்சூழல் துறைக்கு ஆய்வக உதவியாளர் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ஒப்பந்த வேலைதான். வருஷத்துக்கு ஒரு முறை ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருஷம் ஓடும். ஆனாலும் முதல் நாள் ஃபெர்ரியில் அவள் உட்காரவே இல்லை, சாத்தம் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள்.

அறிவியல் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு மெஷின் நிறுத்தியிருந்தார்கள். இடுப்பளவு உயரம், தகரப் பெட்டி, மேலே சின்னதாக ஒரு கூரை. மாணவர்கள் அதை நாய் வீடு என்பார்கள். அவள் மெஷின் என்பாள். ஸ்விட்சைப் போட்டால் மாவு மில்போல இரையும். ஒரு வெள்ளைத் தாள் வழியாகக் காற்றை உறிஞ்சும், காற்று போய்விடும், தூசு தாளில் தங்கும். போடும்முன் தாளின் எடை, எடுத்தபின் தாளின் எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தூசு. எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை மெஷினிலேயே ஒரு மீட்டர் காட்டும். அந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு எண் வரும். நூறைத் தாண்டக் கூடாது. ஐம்பதுக்குள் நின்றால் பதிவேட்டில் 'நன்று' என்று எழுதலாம்.

கேட்பதற்குச் சுலபம். செய்து பார்த்தால்தான் தெரியும். இந்தத் தீவில் காற்றில் பாதி தண்ணீர். தாள் ஈரம் குடித்தால் எடை பொய் சொல்லும். அதற்காகத் தாளை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நீலக் கற்களோடு பூட்டிவைப்பார்கள். ஈரத்தை இழுத்துக்கொண்ட கற்கள் வெளிறி இளஞ்சிவப்பாகிவிடும். மெயின்லேண்டில் ஒரு மாதம் வரும் கல் இங்கே ஒன்றரை நாள்கூட வராது. மங்கையர்க்கரசி துறைக்கு முதல் ஆளாக வந்து கற்களை அடுப்பில் வறுத்து, நீலம் திரும்பியபிறகுதான் கூண்டைத் திறப்பாள். வேறு சில ஊர்களில் வீட்டில் உட்கார்ந்தபடியே ரீடிங் எழுதுகிறார்கள் என்று பயிற்சிக்குப் போனபோது கேள்விப்பட்டிருந்தாள். அப்படி எழுதும் கை விளங்குமா என்று அங்கேயே கேட்டவள். அவள் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. எட்டு மணி நேரம் ஓட வேண்டிய மெஷின் கரண்ட் போய் ஆறேகால் மணி நேரம்தான் ஓடியது என்றால், ஆறேகால் என்றே எழுதுவாள். எதிரே குறிப்புப் பத்தியில் 'மின்தடை' என்றும் எழுதுவாள். தன் நேர்மையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருக்கட்டுமே, வேறு எதைப் பற்றிக் கர்வப்பட அவளுக்கு வாய்த்தது?

அந்த வளாகத்தில் கரண்ட் போனால் டீ என்று ஒரு வழக்கம். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. விளக்கு அணைந்ததும் பேராசிரியரிலிருந்து பியூன் வரை எழுந்து கேன்டீனுக்கு நடப்பார்கள். கேன்டீன் கடல் பார்த்த பக்கம். அங்கே மரத்தடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். மங்கையர்க்கரசியும் மீட்டரைக் குறித்துக்கொண்டு இறங்கிவிடுவாள். கரண்ட் வந்ததும் ஏறுவாள். தினம் ஒரு முறையாவது நடக்கும், சில நாள் இரண்டு.

அவள் சேர்ந்த மறுவருஷம் அவள் புருஷன் பக்தவத்சலத்துக்கும் அதே வளாகத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. கடலூர்க்காரர். சுனாமிக்கு அப்புறம் இங்கே வீடு கட்டிக்கொடுத்த கான்ட்ராக்டரிடம் மேஸ்திரியாக வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். முதுகு போனபின் மேஸ்திரி வேலை முடியவில்லை. வாட்ச்மேன் வேலை உட்கார்ந்த வேலை, இருவரும் ஒரே ஃபெர்ரியில் போய் ஒரே ஃபெர்ரியில் வரலாம் என்று மங்கையர்க்கரசி பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தாள்.

உட்கார்ந்த வேலைதான். ஆனால் உட்கார்ந்த இடம் ஹாஸ்டல் கேட். அங்கே ஒரு தகரக் கூண்டு. கூண்டுக்குப் பின்னால் பதினைந்தடி தூரத்தில் டீசல் ஜெனரேட்டர். அதன் புகைக்குழாய் முதலில் மேலே பார்த்துத்தான் இருந்ததாம். கெஸ்ட் ஹவுஸுக்கு வெள்ளை அடித்தபோது, புது வெள்ளை கறுத்துப்போகிறது என்று ஒரு பெரிய அதிகாரி முகம் சுளிக்க, குழாயை வளைத்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். சுவர் தப்பித்தது. கூண்டில் இருக்கும் ஆள் சுவர் இல்லையே, கறுத்தாலும் வெளியே தெரியாது.

அங்கே உட்கார்ந்த நான்காவது வருஷம் பக்தவத்சலத்துக்கு இருமல் வந்தது. மழைக்கால இருமல் என்றார்கள். வெயில் வந்தும் போகவில்லை. ஐந்தாவது வருஷம் மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, உறிஞ்சும் மருந்து ஒன்றைக் கொடுத்து, "புகையில இருக்காதீங்க" என்றார் டாக்டர்.

"வேலையே புகையிலதான் சார்," என்றார் பக்தவத்சலம்.

"அப்ப வேற எடம் கேளுங்க. இது இப்படியே போனா நுரையீரல் திரும்பாது."

திரும்பாது என்ற சொல்லை மங்கையர்க்கரசி வீடு வரும்வரை மென்றுகொண்டே வந்தாள். அன்றைக்கே மனு எழுதினாள். ஹாஸ்டல் கேட்டிலிருந்து மெயின் கேட்டுக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் புகைக்குழாயை உயர்த்த வேண்டும், மருத்துவச் சான்று இணைப்பு. மெயின் கேட் கடலைப் பார்த்தது, புகை எட்டாத இடம். மனுவில் பக்தவத்சலம் கையெழுத்துப் போட்டார்.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. சாத்தத்தில் ஃபெர்ரிக்குக் காத்திருக்கும்போது அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். "இங்கிலீஷ்ல இருக்கு. நீயே படி."

படித்தாள். வளாகத்தில் ஆறு ஆண்டுகளாக முறைப்படி காற்றின் தரம் அளக்கப்படுகிறது. ஹாஸ்டல் கேட்டுக்கு மிக அருகிலுள்ள கட்டடத்தில்தான் அந்த மெஷின் இருக்கிறது. ஒரு நாளாவது அளவு வரம்பைத் தாண்டியதாகப் பதிவு இல்லை. பெரும்பாலான நாள்களில் தரம் 'நன்று'. ஆகவே மனுதாரரின் நோய்க்கும் பணியிடத்துக்கும் தொடர்பு இருப்பதாக ஏற்க இயலாது. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. பின்னிணைப்பு: கடைசி மூன்று மாதப் பதிவேட்டின் நகல்.

நகலில் வரிசையாக அவள் கையெழுத்து. முப்பத்தெட்டு, நன்று. நாற்பத்தொன்று, நன்று. முப்பத்தாறு, நன்று.

"என்ன போட்டிருக்கு?" என்றார்.

"முடியாதுங்கறாங்க."

"ஏனாம்?"

அவள் சொன்னாள். மறைக்க என்ன இருக்கிறது, பின்னிணைப்பில் பெயரே இருந்தது. அவர் நகலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலை.

"நீ பொய் எழுத மாட்ட," என்றார். "அப்ப எனக்குத்தான் ஒடம்பு சரியில்லையோ என்னவோ."

அளந்தது நிஜம். இருமலும் நிஜம். இரண்டில் ஒன்று பொய்யாக இருந்தே தீர வேண்டும், எது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மெஷினையே சந்தேகப்பட்டாள். அந்த வாரம் முழுக்க மோட்டாரைக் கழற்றித் துடைத்தாள், ரப்பர் வளையத்தை மாற்றினாள், தராசைச் சோதித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது. எல்லோரும் டீக்குக் கிளம்பினார்கள். "வரலையா மங்கை?" என்று யாரோ கேட்டார்கள். யார் முகத்திலும் முழிக்கப் பிடிக்காமல் அவள் மாடியிலேயே தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். மெஷின் இரைச்சல் நின்று காது நிம்மதியாக இருந்தது. இரண்டு நிமிஷத்தில் கீழே ஜெனரேட்டர் உறுமியது. ஹாஸ்டல் கேட் பக்கமிருந்து கறுப்பாக ஒரு புரட்டு எழும்பி, சுவரை ஒட்டி ஏறி, மாடிக்கே வந்தது. கண் எரிந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தவள், மெஷினைப் பார்த்தாள். புகை அதன் கூரைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது. மெஷின் ஓடாமல் சும்மா நின்றிருந்தது.

ஆறு வருஷத்தில் அந்த நேரத்தில் அவள் அந்த மாடியில் நின்றது அதுதான் முதல் தடவை.

மெஷின் மெயின் லைனில் இருந்தது. கரண்ட் போனால் நின்றுவிடும். கரண்ட் போனால்தான் ஜெனரேட்டர் ஓடும். ஜெனரேட்டர் ஓடினால்தான் புகை. அது நின்று கரண்ட் வந்தபிறகு மெஷின் மறுபடி ஓடும், கடல்காற்றை உறிஞ்சிக்கொண்டு முப்பத்தெட்டு என்று சொல்லும். புகை இருந்த நேரத்தை ஒரு நிமிஷம் விடாமல் கழித்துவிட்டு, 'மின்தடை' என்று அழகான எழுத்தில் எழுதிவைத்தவள் அவளே. யாரும் ஏமாற்றவில்லை. ஒருவர் மேல் பழி போடவும் வழியில்லை. அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு மளமளவென்று படியிறங்கினாள்.

துறைத் தலைவர் சிவபிரகாஷ் மதுரைக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பதிவேட்டைப் புரட்டி 'மின்தடை' என்று எழுதிய இடங்களை விரலால் தொட்டுக்கொண்டே போனார். அந்தப் பதிவேட்டை வைத்து அவர் இரண்டு கட்டுரை எழுதியிருந்தார். ஆண்டறிக்கையில் ஒரு பக்கமே இருந்தது.

"இத இப்ப வெளிய சொல்லாதீங்க," என்றார்.

"சார், எங்க வீட்டுக்காரரு அங்கதான் உக்காந்திருக்காரு."

"புரியுதும்மா. மொதல்ல மெஷினை ஜெனரேட்டர் லைனுக்கு மாத்துவோம். ரீடிங் வரட்டும். ரீடிங் இல்லாம நாம என்ன பேசினாலும் வாய்ப்பேச்சுதான்."

ஜெனரேட்டர் லைன் எலக்ட்ரிகல் செக்‌ஷன் ஜூனியர் இன்ஜினியர் பிஸ்வாஸ் கையில் இருந்தது. வங்காளி. அவரும் பாம்பூஃப்ளாட்தான், ஃபெர்ரியில் தினம் பார்த்துச் சிரிப்பவர். அவள் மனுவைப் பார்த்துவிட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு பட்டியலைக் காட்டினார். "தீதி, லிஸ்ட் மே நஹி ஹை." பட்டியலில் இல்லாததற்கு ஜெனரேட்டர் லைன் கிடையாது. பட்டியலில் என்னென்ன இருக்கிறது என்று அவள் படித்தாள். பதிவாளர் அறை ஏசி. கெஸ்ட் ஹவுஸ் ஃபிரிட்ஜ். சர்வர் ரூம். விலங்கியல் துறை மீன்தொட்டிகளுக்குக் காற்று ஊதும் பம்ப்.

"மீனுக்குக் காத்து வேணும்னு உங்க லிஸ்ட்லயே இருக்கே பிஸ்வாஸ் பாபு," என்றாள் ஹிந்தியில். "அப்ப ஆளுக்கு?"

அவர் சிரித்தார். பட்டியலை மாற்றக் கமிட்டி கூட வேண்டும், கமிட்டி எப்போது கூடும் என்பது ஊப்பர்வாலாவுக்குத்தான் தெரியும் என்று விரலை மேலே காட்டினார். அவர் காட்டியது கடவுளையா இரண்டாம் மாடியையா என்று அவளுக்குப் புரியவில்லை. கமிட்டித் தலைவர் முதலில் லீவில் போனார். திரும்பி வந்ததும் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் ஃபைலை ஆரம்பத்திலிருந்து கொண்டுவரச் சொன்னார். ஆரம்பம் என்பது எந்தத் தாள் என்பதில் இரண்டு செக்‌ஷனுக்கு இடையே கடிதப் போக்குவரத்து நடந்தது. மங்கையர்க்கரசி வாரத்துக்கு ஒரு முறை போய் நின்றாள். நாற்காலியில் இருந்தவர்கள் அவளைக் கண்டதும் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டார்கள். ஐந்து மாதம் போனது. பக்தவத்சலம் சாத்தத்தில் இறங்கி ரோட்டுக்கு ஏறும் சின்ன மேட்டில் இரண்டு தடவை நிற்க ஆரம்பித்தார். நிற்பதற்குக் காரணம்போல, கடலில் நிற்கும் கப்பலைப் பார்த்து, "இது சென்னை கப்பலா, கல்கத்தா கப்பலா?" என்று கேட்பார். அவளும் ஏதோ ஒன்றைச் சொல்வாள்.

பொறுத்தது போதும் என்று அவளுக்குத் தோன்றியது ஒரு திங்கட்கிழமை. மீன்தொட்டி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஜஸ்டினிடம் போனாள். தூத்துக்குடிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம், நல்ல பிள்ளை, இரண்டு குழந்தைகளுக்கு அப்பன்.

"ஒரு நாளைக்கு உன் பிளக்குல இருந்து எனக்கு லைன் குடு. ஒரே நாள்."

"அக்கா, தொட்டில ப்ராஜெக்ட் மீனு கெடக்கு. வண்டூர் கடல் பூங்காவுல பெர்மிஷன் வாங்கிப் புடிச்சது."

"பம்ப் பாட்டுக்கு ஓடட்டும். நான் பக்கத்து ஓட்டையிலதானே சொருகுறேன்."

அவன் தலையைச் சொறிந்தான். பக்தவத்சலத்தோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவன், அவர் நெஞ்சு விசிலடிப்பதைத் தினம் கேட்டுக்கொண்டிருந்தவன். சரி என்றான்.

செவ்வாய்க்கிழமை மூன்று எக்ஸ்டென்ஷன் ஒயரை ஒன்றோடொன்று கட்டி, ஜன்னல் வழியாக மாடிக்கு இழுத்தார்கள். ஒன்பது மணிக்கு மெஷின் ஓடியது. பத்தே முக்காலுக்குக் கரண்ட் போனது. மெஷின் இரண்டு நிமிஷம் நின்று, ஜெனரேட்டர் உறுமியதும் தானாக மறுபடி இரைந்தது. மங்கையர்க்கரசி டீக்குப் போகவில்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். புகை வந்தது. மெஷின் அதை முதல்முறையாக இழுத்தது. இழு, நல்லா இழு என்று அவள் வாய்விட்டே சொன்னாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு அந்த வளாகத்தில் யாரும் பார்த்ததில்லை, அன்றும் யாரும் பார்க்கவில்லை.

ஒரு மணிக்கு மெஷின் பொசுக்கென்று நின்றது. நான்கு மணி நேரம் ஓடியதே போதும் என்று அவள் தாளை எடுத்தாள். எப்போதும் லேசாக மண்ணிறம் பாரித்து வரும் தாள் அன்று சட்டியின் அடியைத் துடைத்த துணிபோல வந்தது. அவசர அவசரமாகக் கூண்டில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் எடை போட்டாள், மூன்று முறை போட்டாள். இருநூற்று எண்பத்தாறு.

ஆனால் மறுநாளைக்கு முன்னால் அன்று பிற்பகல் ஒன்று இருந்தது. மெஷின் நின்றது மோட்டாரின் பளு தாங்காமல் மீன்தொட்டி அறையின் ஃபியூஸ் போனதால். ஜஸ்டின் சாப்பிடப் போயிருந்தான். பம்ப் நின்றது யாருக்கும் தெரியவில்லை. அவன் திரும்பி வந்தபோது பதினேழு மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

இரண்டே நாளில் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. ஐந்து மாதமாகக் கூட முடியாத கமிட்டியில் இருந்த அதே மூன்று பேர். மீன்கள் எப்படி மூச்சுத் திணறிச் செத்தன என்பதை விலங்கியல் துறை இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தது. மங்கையர்க்கரசிக்கு மெமோ வந்தது: அனுமதியின்றி மின் இணைப்பு எடுத்தது, ஆய்வு உயிரினங்களின் இறப்புக்குக் காரணமானது, அதிகாரபூர்வமற்ற அளவீடு செய்தது. ஜஸ்டினுக்கும் ஒன்று வந்தது. அதை அவள்தான் தாங்க முடியாமல் படித்தாள். அவனோ, "விடுங்கக்கா, மீனு போனா கடல்ல இருக்கு" என்றான்.

இருநூற்று எண்பத்தாறைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளே சிவபிரகாஷிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது சரியான ரீடிங்தான்," என்றார். "எனக்குத் தெரியும். ஆனா அறுநூறு ரீடிங் நல்லா இருக்குங்குது, ஒண்ணு இல்லைங்குது. எந்தக் கமிட்டியும் அந்த ஒண்ணைத்தான் தூக்கிப் போடும்."

"அந்த அறுநூறும் தப்புன்னு நான் எழுதித் தரேன் சார். நான் எழுதினதுதானே."

"எழுதித் தந்தா ஒங்க கான்ட்ராக்ட் போயிடும். எனக்கும் கேள்வி வரும். அவரு அங்கயேதான் உக்காந்திருப்பாரு. யோசிச்சுப் பாருங்க." குரலைத் தாழ்த்தினார். "உதவிப் பதிவாளர்கிட்ட பேசினேன். அவரு ஒரு வழி சொல்றாரு. செவ்வாய்க்கிழமை ரீடிங் மின் இணைப்புக் கோளாறால வந்த பிழை, கணக்குல எடுக்க வேணாம்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. மெமோவ மூடிருவாங்க, ஜஸ்டினோடதையும் சேத்து. ஒங்க வீட்டுக்காரரை மனிதாபிமான அடிப்படைல மெயின் கேட்டுக்கு மாத்திருவாங்க. ஒண்ணாந்தேதியில இருந்து."

ஆறு வருஷமாக அவள் பதிவேட்டில் எழுதியது தப்பு. தெரியாமல் எழுதிய தப்பு. வாழ்க்கையில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் எழுதியதுதான் சரி. அதைத் தப்பு என்று எழுதச் சொல்கிறார்கள். இந்த முறை தெரிந்தே.

வீட்டில் சொன்னாள். பக்தவத்சலம் மருந்தை உறிஞ்சிவிட்டு, டாக்டர் சொன்னபடி பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கினார். ஏழில் இருமல் வந்துவிட்டது. அடங்கியதும் சொன்னார்:

"என்னைக் கேக்காத. எழுதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. எழுதாதன்னு சொல்லவும் வராது."

அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. குழாயை வளைத்தவன் மேல், லிஸ்ட் போட்டவன் மேல், எல்லோரையும்விடத் தன் மேல். ஆத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். கறுப்புத் தாளைப் பதிவேட்டோடு இணைக்க வேண்டாம் என்றார்கள். வீட்டுக்கும் கொண்டுபோகக் கூடாது என்று அவள் கண்முன்னே குப்பைத்தொட்டியில் போட்டார்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஒன்றாம் தேதி பக்தவத்சலம் மெயின் கேட்டில் கடல்காற்றில் உட்கார்ந்தார். இரண்டு வாரத்தில் நெஞ்சு விசில் குறைந்தது. சாத்தம் மேட்டில் ஒரே ஒரு தடவைதான் நின்றார். கப்பலைப் பற்றி அன்று ஒன்றும் கேட்கவில்லை.

ஹாஸ்டல் கேட்டுக்கு முத்துகிருஷ்ணன் என்று ஒருவனைப் போட்டார்கள். தீவுகளின் தெற்குக் கோடியில், கேம்பல் பேயில் தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். போன வருஷம் கல்யாணமாகி, பெண்டாட்டி வீட்டோடு இங்கே வந்திருக்கிறான். ஆறடி உயரம், அகலமான மார்பு. கூண்டுக்குள் குனிந்துதான் நுழைந்தான்.

அவன் வந்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. மங்கையர்க்கரசி தாள்கள் வைத்த டப்பாவோடு அந்தப் பக்கமாகப் போகும்போது அவன் எழுந்து நின்றான்.

"அக்கா, காத்து அளக்குறது நீங்கதானே?"

"ஆமா."

"நேத்து ஜெனரேட்டர் ஓடுறப்ப தலை சுத்துற மாதிரி இருந்துச்சு. ஆபீஸ்ல கேட்டேன். காத்து நல்லா இருக்குன்னு ஆறு வருஷ ரெக்கார்டு இருக்கு, அக்கா கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னு காட்டினாங்க." அவன் சங்கோஜமாகச் சிரித்தான். "புது எடம், எனக்குத்தான் ஒத்துக்கலையோ என்னவோ. நிஜமாவே நல்லா இருக்காக்கா?"

அவள் டப்பாவைக் கை மாற்றிப் பிடித்தாள். மேலே மாடியில் மெஷின் காத்திருந்தது. ஒன்பதாக ஐந்து நிமிஷம் இருந்தது.

"இல்லப்பா," என்றாள். "நல்லா இல்ல."

அவன் சிரிப்பு போய்விட்டது. "அப்ப ஏன் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தீங்க?"

"தெரியாம எழுதினேன், தெரிஞ்சதும் மறைச்சு எழுதிக் குடுத்தேன். அப்ப இங்க எங்க வீட்டுக்காரரு உக்காந்திருந்தாரு."